முதுகின் மேல் ஒரு கை

மூன்று வாரமாகியும் ஆச்சார்யா சம்பத் தாட்சாயணியைத் தொட்டுத் திருத்தவில்லை. மற்ற பதினேழு பேருக்கும் தோளை அழுத்தினார், இடுப்பைப் பிடித்து நேராக்கினார். அவளிடம் மட்டும் இரண்டடி தள்ளி நின்று, "யூ ஆர் ஃபைன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

திருப்பதிக்கு வெளியே மாந்தோப்புக்குள் இருந்த அந்த ஆசிரமத்துக்கு, யோகா டீச்சர் பயிற்சிக்காக நார்வே, பிரேசில் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். உள்ளூர் ஆள் அவள் ஒருத்திதான். புத்தூரில் பி.டி. டீச்சர் வேலை போனபிறகு, உள்ளூர்ப் பெண்ணுக்கு ஓர் இலவச இடம் என்ற விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டிருந்தாள். சேர்ந்த அன்றுதான் ஆச்சார்யா யாரென்று தெரிந்தது. நகரிப் பக்கம் அவள் ஊரில் பாதி நிலம் அவர் குடும்பத்துடையது. அவள் அப்பா ரங்கையா முப்பது வருஷம் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன சம்பத், தாடியும் வெள்ளை உடுப்புமாகத் திரும்பியிருந்தார்.

"ரங்கையா பொண்ணா நீ?" என்று அன்றைக்கே கேட்டார். முகம் சுருங்கியது. "சரி, வந்துட்ட. துன்றப்போ தனியா உக்காந்துக்கோ. இவங்களுக்கு நம்ம காரம் ஆவாது."

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சர்டிஃபிகேட் கைக்கு வரட்டும்.

கடைசித் தேர்வில் ஒவ்வொருவரும் இருபது நிமிஷம் வகுப்பு எடுக்க வேண்டும். ஆச்சார்யாவும் மாணவராக யோகா பாயில் இருப்பார். அவரையும் திருத்த வேண்டும் என்பது விதி. அவள் முறை வந்தது. குரல் நடுங்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லோரும் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துக் குனிந்திருந்தார்கள். ஒவ்வொரு முதுகாகத் தொட்டு, அவரிடம் வந்து, அவர் முதுகிலும் கையை வைத்தாள்.

சூடுபட்டவர் போலத் துள்ளி எழுந்தார். "கைய எடுடி! ரங்கையா பொண்ணு என் மேல கை வெக்கிறதா?"

யாருக்கும் வார்த்தை புரியவில்லை. குரல் புரிந்தது. தாட்சாயணி கையை எடுத்தாள். நிமிர்ந்து நின்று, அவர் சொன்னதை வார்த்தை வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னாள். ரங்கையா யார், யார் நிலத்தில் வேலை செய்தார் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

சம்பத் சிரித்துப் பார்த்தார். அவள் தப்பாகப் புரிந்துகொண்டாளாம், ஊர்ப்பேச்சில் அது விளையாட்டாம். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் பதினேழு சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். அவளுக்கு மனப்பக்குவம் போதாதாம். வாங்கியவர்கள் அவளைப் பார்க்காமல் நடந்தார்கள். தினமும் பக்கத்துப் பாயில் இருந்த நார்வேக்காரி இங்கிரிட் மட்டும் வந்து கட்டிப்பிடித்து அழுதாள். தன் ஊரில் யோகா ஸ்டூடியோ திறக்கிறாளாம், சர்டிஃபிகேட் இல்லாமல் முடியாதாம், அதனால்தான் வாங்கிக்கொண்டாளாம்.

"போம்மா, போய்த் தெற" என்று அவள் கையை விலக்கினாள் தாட்சாயணி.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அப்பா கத்தினார். "அவங்க ஊட்டு ஆளாண்ட ஏன்டீ போய் நிக்கிற? நாளைக்கு ஊர்ல நான் எப்டி நடமாடறது?"

"நடந்துக்கினுதானே இருக்க நைனா, இத்தினி வருசமா. தல குனிஞ்சிக்கினு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ரேணிகுண்டா பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில், எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு முதுகுவலி. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். சர்டிஃபிகேட் இல்லை, ஏன் இல்லை என்று மேனேஜர் வரலட்சுமியிடம் மறைக்காமல் சொன்னாள். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் அந்தம்மா. அந்த வாரம் முடிந்தபோது, ஷிப்டுக்கு இருபது பேர் என்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து சம்பத் போன் செய்தார். இங்கிரிட் நடந்ததையெல்லாம் எழுதி இன்டர்நெட்டில் போட்டுவிட்டாளாம். அடுத்த பயிற்சிக்கு ஆள் வரவில்லையாம்.

"ஏதோ கோவத்துல வந்த வார்த்தை. தப்பா எட்த்துக்கினேன்னு நீ ஒரு வரி எழுதிக் குடு. சர்டிஃபிகேட்ட கூரியர்ல அனுப்பிடறேன்."

"கூரியர்லாம் வேணாம்" என்றாள். "நீ எங்க ஊட்டுக்கு வா. எங்க நைனா எதிர்ல உக்காந்து, அன்னிக்கு சொன்னத இன்னொரு தபா சொல்லு."

'நீ' என்றது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "இன்னா திமுருடி உனக்கு!" என்று ஆரம்பித்தார்.

மிச்சத்தைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. இரண்டாம் ஷிப்டுப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.