பிரவீனாவின் உயரம்

சுவரில் பொருத்திய பலகையில் முதுகை ஒட்டி பிரவீனா நின்றாள். கணபதி பகுதியில் ஒரு பட்டறைக்காரரிடம் படம் வரைந்து கொடுத்துச் செய்து வாங்கிய உயரமானி அது. டாக்டர் சாஜிதா பேகம் மேல்கட்டையை மெல்ல இறக்கி அவள் உச்சந்தலையில் நிறுத்தினாள். நூற்று இருபத்தெட்டு. மூன்று மாதத்தில் அரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. பெண்ணுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தாராபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலேயே அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தாராம். அதைச் சொல்லிவிட்டு அவள் அம்மா பழனியாத்தாள் சிரித்தாள். பிரவீனா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பம்பாய்க்கு அனுப்பியிருந்த ரத்தப் பரிசோதனையின் முடிவு மேசையில் கிடந்தது. இரண்டாக இருக்க வேண்டிய எக்ஸ் குரோமோசோம் இவளுக்கு ஒன்றுதான். சினைப்பைகள் உருவாகவே இல்லை. தானாக வயதுக்கு வரமாட்டாள், பிள்ளை பெறவும் முடியாது. சாஜிதா இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவள். குழந்தைகளின் ஹார்மோன் நோய்களைப் பற்றி இங்கிலாந்தில் இரண்டு வருடம் பயிற்சி பெற அவளுக்கு பெல்லோஷிப் கிடைத்திருந்தது. தொண்ணூற்றாறு ஜனவரியில் கிளம்ப வேண்டும், இன்னும் மூன்று மாதம் கூட இல்லை. நேர்முகத் தேர்வில் கேட்டதே இந்தக் கேள்விதான். இப்படி ஒரு பெண் வந்தால் என்ன சொல்வாய்? பெற்றோரையும் பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்து, அவள் வயதுக்குப் புரிகிற சொற்களில் எதையும் மறைக்காமல் சொல்வேன் என்றாள். வெள்ளைக்காரப் பேராசிரியர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். அந்தப் பதிலுக்காகத்தான் இடம் கிடைத்தது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

பழனியாத்தாள் மகளை வெளியே, வராந்தாவில் உட்கார்ந்திருந்த கணவர் கந்தப்பனிடம் அனுப்பிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கேட்கிறார்கள், கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பெரியவளாகி இரண்டு மூன்று வருடமாகிவிட்டது என்றாள். அவளுடைய அண்ணன் சென்னியப்பன் தாய்மாமன் சீருக்குப் பட்டு கூடப் பார்த்து வைத்திருக்கிறாராம். அவர் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், பிரவீனாவுக்கு முறை. இவள் வயதுக்கு வந்தால் பேச்சை எடுப்பதாக இருக்கிறார்கள். மாத்திரை கொடுத்தால் வந்துவிடும் என்று பக்கத்துத் தோட்டத்து நர்ஸம்மா சொன்னாளாம்.

சாஜிதா சொன்னாள். மாத்திரை கொடுத்தால் மாதவிடாய் வரும் என்பதையும், ஆனால் இப்போதே கொடுத்தால் எலும்பின் வளரும் முனைகள் மூடிக்கொண்டு, வளர்கிற கொஞ்ச வளர்த்தியும் நின்றுவிடும் என்பதையும், பிள்ளை பிறக்காது என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழனியாத்தாள் அழவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்தக் கடைசிச் சங்கதிய அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவங்கப்பாகிட்டயும் வேண்டாமுங்க. எனக்கு ஒருத்திக்குத் தெரிஞ்சாப் போதும்."

"கல்யாணம் ஆன பொறகு பழி அவ மேலதானுங்களே விழும்?" என்றாள் சாஜிதா.

"அது அப்பப் பாத்துக்கலாமுங்க. இப்ப ஊரு கேக்குது."

கணவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று அவள் எழுந்து போனாள். அந்த இடைவெளியில் பிரவீனா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை. சாஜிதா எப்படித் தொடங்குவது என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"நான் இன்னும் வளருவேனுங்களா?"

டீச்சர் ட்ரெய்னிங் போக வேண்டும் என்று இருக்கிறாளாம். மூன்றாம் கிளாஸ் பிள்ளைகளே அவள் தோளுக்கு மேலே நிற்கிறார்கள். போர்டில் பாதிக்குத்தான் கை எட்டுகிறது, மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது எட்டிப் பார்த்தேன் என்றாள். மாத்திரையைத் தள்ளிப்போட்டால் இன்னும் இரண்டு அங்குலம் வரலாம், சாப்பிட்டால் சீக்கிரமே நின்றுவிடும் என்று சாஜிதா சொன்னாள். இன்னும் அதிகம் வளர்க்கிற ஊசி உண்டு, ஆனால் அது அவர்களுடைய தோப்பை விற்றாலும் கட்டுப்படியாகாதது. அதை அவள் சொல்லவில்லை.

"அப்ப மாத்திரை வேண்டாமுங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லீருங்க." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "வேற ஏதாச்சும் இருக்குங்களா?"

"இருக்கு கண்ணு."

கதவு திறந்தது. பழனியாத்தாள் வாசலிலேயே நின்று சாஜிதாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, மிரட்டல் இருந்ததா என்று சாஜிதாவுக்குப் பிடிபடவில்லை. அடுத்த தடவை வரும்போது பேசலாம் என்று அவள் வாய் தானாகச் சொன்னது. ஒரு வருடம் பொறுத்துப் பிறகு மாத்திரையைத் தொடங்கலாம் என்று அம்மாவிடம் சொன்னபோது உடனே "சரிங்க" என்று பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக்கூடாது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தன் இங்கிலாந்து முகவரியை எழுதி பிரவீனாவிடமே கொடுத்தாள். டிசம்பரில் வரச் சொல்லியிருந்தாள். அவர்கள் வரவில்லை. துடியலூரில் இருந்த தன் வீட்டிலிருந்து தாராபுரத்துக்கு இரண்டு முறை கிளம்பப் பார்த்தாள். போய் யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறையும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஜூனில் இங்கிலாந்துக்கு பிரவீனாவின் கடிதம் வந்தது. விரிந்து உருண்ட எழுத்து. வேறு டாக்டரிடம் அம்மா மாத்திரை வாங்கியதாகவும், சித்திரையில் சீர் நடந்ததாகவும், பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பது மார்க் என்றும் எழுதியிருந்தாள். சத்து மாத்திரை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், ஆனால் எனக்கு அப்பவே தெரியும், அம்மா முகத்தைப் பார்த்து முழுங்கிவிட்டேன் என்றிருந்தது. கடைசியில் இரண்டு வரி: "மாமா பையன் படிச்சு முடிச்சதும் கல்யாணம் பேசுறாங்க. அன்னைக்கு இருக்குன்னு சொன்னீங்களே, அது என்னதுங்க?"

சாஜிதா அன்று இரவு நீலக் காகிதத்தை எடுத்து 'அன்புள்ள பிரவீனாவுக்கு' என்று எழுதினாள். அம்மாவிடம் கேள் என்று எழுதலாம். பழனியாத்தாள் யாருக்கும் தெரியாமல் அந்தச் சங்கதியை எட்டு மாதமாக ஒற்றையாய்ச் சுமக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட்டால் அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான் பொய் சொல்வதாகும். சொன்னாலோ, தாராபுரத்து வீட்டில் இந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பது யார்? பேனாவை மூடி வைத்துவிட்டு உறையை மறுபடி எடுத்தாள்.

உறைக்குள் ஒரு போட்டோவும் இருந்தது. மாமன் எடுத்த அரக்குப் பட்டில், கழுத்து நிறைய மாலையோடு பிரவீனா நிற்கிறாள். புடவையை எத்தனை மடிப்பு மடித்தும் மிச்சம் தரையில் குவிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் அது கொஞ்சம் விலகியிருக்க, மாலை தரையில் படாமலிருக்க அவளை ஏற்றி நிறுத்தியிருந்த முக்காலியின் கால் ஒன்று வெளியே தெரிகிறது.