லிஃப்ட்காரர் படியேறினார்

முப்பத்தோரு வருஷமா தினம் நூறு தடவை ஏழாவது மாடிக்குப் போய் வந்த மனுஷன் அவர். ஆனா அந்த ஆபீஸ் கட்டடத்துல படிக்கட்டு எந்தப் பக்கம்னு கேட்டா முழிப்பார். ஏன்னா அவர் லிஃப்ட்காரர். ஸ்டூல்ல உக்காந்து பட்டனை அமுக்கினாப் போதும். உக்காந்தே தொப்பையும் போட்டுச்சு, பிரஷரும் வந்துச்சு. அறுபத்திரண்டு வயசு வரைக்கும் அதைப் பத்தி அவர் துளிக்கூடக் கவலைப்பட்டதில்லை.

தங்கச்சிக்கு ரெண்டு கிட்னியும் போனப்பதான் கவலை வந்துச்சு. அவ தையல்காரி. வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரி அஞ்சாவது மாடியில, மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டுக் கிடக்குறா. அண்ணன் கிட்னி பொருந்தும்னு ரிப்போர்ட் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியலை. டாக்டரம்மா அவர் கையில பிரஷர் பட்டையைச் சுத்திப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினாங்க. நூத்தி அறுபத்தெட்டுக்கு நூறு.

"இந்த பிரஷரோட கிட்னியை எடுத்தா நீங்களும் உங்க தங்கச்சி பக்கத்துப் படுக்கைக்கு வந்துடுவீங்க. உக்காந்தே இருந்தா, வயசான உடம்புக்குள்ள இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி ஒரு வேலை நடக்கும், ரத்தக்குழாய் விறைச்சுப்போகும். மெதுவா நடங்க, படி ஏறுங்க. உடம்பே அந்தத் துருவைத் தாங்கப் பழகும். மாத்திரையும் தரேன். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

தங்கச்சி அடியோட மறுத்துட்டா. "ரெண்டு படி ஏறினாலே உனக்கு இரைக்குது. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அண்ணி முகத்துல நான் எப்படி முழிக்கிறது? உன் கிட்னி எனக்குள்ள வந்தும் ஸ்டூல்தான் கேக்கும்! நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த அஞ்சு மாடியும் மூச்சு வாங்காம ஏறி வந்து நில்லு, அப்புறம் பேசு."

"பாத்துடலாம்டி!"ன்னார் அவர். ரோஷக்காரர்.

மறுநாள் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆபீஸுக்கு வந்து, படிக்கட்டைத் தேடிப் பிடிச்சு ஏற ஆரம்பிச்சார். ரெண்டாவது மாடியிலயே கைப்பிடியைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டார். ஆபீஸ்காரங்க விடுவாங்களா?

"என்ன அண்ணே, லிஃப்ட் ரிப்பேரா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்."

வீட்டுல அவர் சம்சாரம் உப்பு டப்பாவை ஒளிச்சு வெச்சுட்டாங்க. அதுக்கு ஒரு சண்டை. மூணாவது மாசம் நாலு மாடி. நடுவுல ஒருநாள் தங்கச்சியோட வீங்கின முகத்தைப் பாத்துட்டு வந்து, படியிலயே உக்காந்து குழந்தை மாதிரி அழுதார். அழுதுட்டு இன்னொரு மாடி ஏறினார். அஞ்சாவது மாசம் ஏழு மாடியையும் முடிச்சு, மொட்டை மாடிக் கதவைத் தட்டிட்டு இறங்கினாரே, அடேயப்பா, கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்க!

பரிசோதனை நாள் வந்துச்சு. டாக்டரம்மா ரூம் மூணாவது மாடி. புது கெத்து சும்மா இருக்குமா? படியில ஒரே ஓட்டமா ஓடிப் போய் நர்ஸ் முன்னாடி கையை நீட்டினார். நூத்தி அம்பத்தெட்டு! அவருக்கு உலகமே இருண்டுபோச்சு. எல்லாம் போச்சு, தங்கச்சி போயிடுவான்னுதான் தோணுச்சு.

நர்ஸ் நிமிந்து பாத்தாங்க. "எப்படி வந்தீங்க?"

"ஓடித்தான் வந்தேன்..."

"நல்லா வந்தீங்க போங்க! ஓடி வந்த உடனே பாத்தா யாருக்கும் ஏறத்தான் செய்யும். வாயை மூடிக்கிட்டுப் பத்து நிமிஷம் சாஞ்சு உக்காருங்க."

அந்தப் பத்து நிமிஷம் அவருக்குப் பத்து வருஷம். மறுபடி பட்டையைச் சுத்தினாங்க. நூத்தி இருபத்தாறுக்கு எழுபத்தெட்டு. நம்பாம இன்னும் ரெண்டு தடவை பாத்தாங்க. அதேதான். டாக்டரம்மா கைகுலுக்கினாங்க. "இனி உங்க தங்கச்சி சம்மதம்தான் பாக்கி."

நர்ஸ் சம்மதப் பேப்பரை எடுத்துக்கிட்டு லிஃப்ட்டுக்குப் போனாங்க. அவர் படிக்கட்டுக்குப் போனார்.

அஞ்சாவது மாடியில, இடது கையில குழாயோட தங்கச்சி படுத்திருந்தா. அண்ணன் கட்டில் பக்கத்துல வந்து வாயை மூடிக்கிட்டு நின்னார். அவ அவர் நெஞ்சையே பாத்தா. அது அமைதியா ஏறி இறங்கிச்சு.

"லிஃப்ட்ல வந்துட்டு என்னையே ஏமாத்துறியா?"

அப்பதான் கதவைத் தள்ளிக்கிட்டு நர்ஸ் உள்ளே வந்தாங்க. அவரைப் பாத்து அப்படியே நின்னுட்டாங்க. "லிஃப்ட்ல வந்த எனக்கு முன்னாடியே படியேறி வந்துட்டீங்களா!"

தங்கச்சிக்குக் கண்ணு நிறைஞ்சு வழிஞ்சது. துடைச்சுக்கக்கூட இல்லை. வலது கையை அண்ணன் பக்கம் நீட்டினா.

"பேனாவைக் கொடு, அண்ணே."