கவிழ்த்து வைத்த கேக்

“வீட்டுல சும்மாதானே இருக்கே?”

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்கிற கேள்விதான். அந்த வியாழக்கிழமை அண்ணி கேட்டபோது மட்டும் அதோடு ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஞாயிறு மாலை அவளுடைய ஆபீஸ் மேடம் வீட்டுக்கு வருகிறாராம்.

“நான் ஆப்பிள் கேக் பிரமாதமா செய்வேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டேன். மேடம் நம்பிட்டாங்க. நீ செஞ்சு கொடுத்துடேன்.”

அண்ணி வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்கும்.

“செய்றேன் அண்ணி. ஆனா நான்தான் செஞ்சேன்னு அவங்ககிட்ட சொல்லணும்.”

“அட, ஊமைக்கோட்டானுக்கு வாய் வந்துடுச்சே! முதல்ல அவங்க சாப்பிடட்டும். அப்புறம் கண்டிப்பா சொல்லிடறேன்” என்றாள்.

எனக்கு அது போதும். என் பெயரை வெளியாள் ஒருவர் முன்னால் யாராவது நல்லபடியாகச் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது.

ஞாயிறு மதியம் ஆரம்பித்தேன். பட்டை, கிராம்பு இரண்டையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து இடித்தேன். ஜாதிக்காயைத் துருவியில் நாலே நாலு இழுப்பு. கூடினால் கசக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடித்ததில் வலது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. முட்டை, மைதா, பேக்கிங் பவுடர். கடைசியில் ஆப்பிள் துண்டுகள். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பெரிய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் கேக் டின்னை இறக்கினேன். மூடியிலிருந்து ரப்பரையும் விசிலையும் கழற்றிவிட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் வைத்தேன். அதற்குள் குளித்துவிட்டு வரலாம் என்று போனேன்.

திரும்பி வந்தால் குக்கர் தலையில் விசில் உட்கார்ந்திருக்கிறது.

“யாருப்பா இதைப் போட்டது?”

“நான்தான்” என்றார் அப்பா, ஏதோ பெரிய உதவி செய்தவர் மாதிரி. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். “விசில் இல்லாம வண்டி எப்படிம்மா நகரும்?”

“நகரக் கூடாதுப்பா! அது கேக்கு!”

திறந்து பார்த்தேன். சரியாக வெளியேற வழியில்லாத ஆவி மூடியில் முத்து முத்தாகச் சேர்ந்து கேக்கின் மேல் சொட்டியிருந்தது. மேல்பக்கம் நனைந்த பஞ்சு போல் இருந்தது. இன்னொன்று செய்ய ஆப்பிள் இல்லை, நேரமும் இல்லை. விசிலை எடுத்து எறிந்துவிட்டு இன்னும் இருபது நிமிஷம் வேகவிட்டேன். ஆறியதும் கேக்கின் ஈரமான மேல்தோலைக் கத்தியால் சீவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டில் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

ஆப்பிள் துண்டுகளைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டேன் போலிருக்கிறது. பாதிக்கு மேல் அடியில் போய் உட்கார்ந்து, வெண்ணெயிலும் சர்க்கரையிலும் வதங்கிப் பொன்னிறமாகியிருந்தன. கவிழ்த்ததும் அத்தனையும் மேலே வந்து மின்னின. நானே எடுத்து அடுக்கியிருந்தால்கூட அப்படி வந்திருக்காது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “நான் விசில் போடலேன்னா இது வந்திருக்குமா?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

மேடம் வந்தார். நான் சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டேன். முதல் துண்டைச் சாப்பிட்டார். கேட்காமலே இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அண்ணி வாயைத் திறப்பாள் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தேநீரைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“இதுல ஏதோ ஒரு வாசனை தனியாத் தெரியுதே, என்ன போட்டே?”

“மசாலாப் பொடி மேடம்.”

“கறிக்குப் போடறதா?”

எதிரே கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறியது.

“நானும் வாராவாரம் செஞ்சு பார்க்கிறேன்” என்றார் மேடம். “ஆப்பிள் எல்லாம் அடியில போய் உட்கார்ந்துக்குது. உனக்கு மட்டும் எப்படி மேலேயே நிக்குது?”

அண்ணி தட்டைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். “அது… கைப்பக்குவம் மேடம்.”

என் கால்கள் எப்போது நடந்தன என்று தெரியவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

“எனக்கும் அடியிலதான் உட்கார்ந்துச்சு மேடம். நான் கவுத்து வெச்சுட்டேன். அந்த வாசனை ஜாதிக்காய்.”

குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை.

மேடம் என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “நீயா செஞ்சே?”

“ஆமா. குக்கர்ல.”

“குக்கர்லயா!” அவர் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. “என்கிட்ட அவ்வளவு பெரிய ஓவன் இருக்கு, பேருக்குத்தான். இங்க வா, முதல்லேர்ந்து ஒண்ணு விடாம சொல்லு. ஜாதிக்காய் எவ்வளவு?”

“நாலு இழுப்பு மேடம். அஞ்சாவது இழுத்தா கெட்டுடும்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் எனக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அது என் முதுகை நிமிர்த்தியது.

மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. நாற்காலியை என் பக்கம் லேசாகத் தள்ளிவைத்தாள். காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.