அத்தான் சுவரில் வரைந்த நாடு

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், முப்பத்தோரு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். வெயிலில் சங்கிலி பிடித்து அளக்கிற ஆட்கள் வேறு. அவர்கள் கொண்டுவரும் குறிப்பைப் பார்த்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கோடு போடுவதுதான் இவர் வேலை. தான் வரைந்த ஒரு துண்டு நிலத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. அதில் பெருமை வேறு. "நேர்ல போனா கண்ணு ஏமாத்தும், அளவு ஏமாத்தாது" என்பார்.

அப்படிப்பட்டவர் மகள் இருக்கும் நாட்டுக்குக் கிளம்ப முடிவு செய்தார். படிக்கப் போன பெண் அங்கேயே அந்த நாட்டுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு நாலு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் அவள் அக்காவிடம், தான் மூன்று மாதம் முழுகாமல் இருப்பதாகச் சொல்லி, "பிரசவத்துக்கு அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா" என்று அழுதிருக்கிறாள். அத்தான் கரைந்துவிட்டார். ஆனால் நேராகக் கரையவில்லை, நூலகம் வழியாகச் சுற்றிக்கொண்டு கரைந்தார்.

"போறதுன்னா அந்த நாட்டைப் பத்தி முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்."

போனை எடுத்து மகளையே கேட்டால் என்ன என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அக்கா கண்ணைக் காட்டினாள். அடக்கிக்கொண்டேன்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. அதனால் அவர் தூக்கி வந்த புத்தகமெல்லாம் என் தலையில்தான் விடிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அத்தான் ஏட்டில் தோட்டமே போட்டார். மூன்று மாதத்தில் கூடத்துச் சுவர் முழுக்க அந்த நாடு வந்துவிட்டது. ஆறுகளுக்கு நீல மை, மலைகளுக்குப் பழுப்பு, ரயில் பாதைக்குக் கறுப்பு. தெற்குக் கடற்கரைக்கு இடம் போதவில்லை என்று கல்யாணப் போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார்.

நிலம் முடிந்ததும் மக்களை ஆரம்பித்தார். அங்கே யாரும் ஒரு கை தூரத்துக்குள் நெருங்கி நிற்க மாட்டார்களாம். அன்றிலிருந்து அக்கா டீ கொடுத்தால் எட்ட நின்று வாங்கினார். பாதி டீ தரை குடித்தது. குளிர் பழக வேண்டுமென்று பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊற்றுகிற வியர்வையோடு உலாத்தினார்.

"அந்த ஆளுங்க அதிகம் பேச மாட்டாங்க. புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றார் ஒரு நாள்.

"நம்ம மாப்பிள்ளை அரைகுறைத் தமிழ்லயே போனை எடுத்தா வைக்கவே மாட்டேங்கறாரே" என்றாள் அக்கா.

"அப்ப அவன் அந்த நாட்டுக்காரனா இருக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வந்தால் இவர் எழுந்து சுவர்ப் பக்கம் போய் ஏதாவது ஒரு ஆற்றைத் திருத்துவார். விசா விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். மகள், மருமகன் பற்றிய பக்கம் வந்ததும், "அதை நீயே உங்க அக்காவைக் கேட்டுப் போட்டுக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலுக்கு நானும் துணைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, அருகில் மொழிபெயர்க்க ஒரு பெண். அவள் பேசுவது மைக்கில் என் பெஞ்சு வரை கேட்டது.

"எதுக்குப் போறீங்க?"

அத்தான் மடையைத் திறந்துவிட்டார். பதினாலு ஆறு, ஏழு துறைமுகம், வடக்கே இருக்கும் பாலத்தின் நீளம், எந்த மாதம் எங்கே மூடுபனி. அதிகாரியின் பேனா நின்றது.

"உங்க மக என்ன வேலை பாக்கறாங்க?"

"அங்க நூத்துக்கு அறுபத்திரண்டு பேர் சேவைத் துறையில இருக்காங்க."

"உங்க மக?"

"அதுல ஒருத்தியாத்தான் இருப்பா."

"எத்தனாவது மாடியில குடியிருக்காங்க?"

"கடல் மட்டத்துலேர்ந்து நாப்பது மீட்டர்."

"மருமகன் என்ன பண்றாரு?"

அத்தான் கோட்டுப் பொத்தானைத் திருகினார். மொழிபெயர்க்கிற பெண், அதிகாரி சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "துறைமுகத்தைப் பத்தி இவ்வளவு தெரியுது, மகளைப் பத்தி ஒண்ணும் தெரியலை. அவங்களைப் பாக்கத்தான் போறீங்கன்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறாரு" என்றாள். எனக்கே தலை குனிந்தது.

அடுத்து அக்கா. அவளுக்கு அந்த நாட்டின் தலைநகரம்கூடத் தெரியாது. "மூணாவது மாடிங்க. லிஃப்ட் ஓடாது. இந்த ஏழாம் மாசத்துலயும் நடந்துதான் ஏறி இறங்கறா. ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலை. மாப்பிள்ளை பஸ் ஓட்டறாரு. விடியக்காலம் போனா மதியம் வருவாரு, வந்ததும் இவ காலைப் பிடிச்சு விடுவாரு. எதிர்வீட்டம்மாவுக்கு முட்டிவலி, ஆனா நல்ல மாதிரி..." அதிகாரியே கையைக் காட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

பத்து நாளில் பாஸ்போர்ட்டுகள் வந்தன. அக்காவுடையதில் விசா இருந்தது. அத்தானுடையதில் ஒரு கடிதம் இருந்தது: பயண நோக்கம் நம்பும்படி இல்லை, வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம். பிரசவத்துக்கு இன்னும் ஏழே வாரம்.

"நான் மட்டும் போறேன்" என்றாள் அக்கா. அவள் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "போய் அவகிட்ட என்ன சொல்ல? உங்கப்பாவுக்கு உன் நாடு தெரியும், உன்னத் தெரியாதுன்னு சொல்லட்டுமா?"

அத்தான் அக்காவிடம் கையை நீட்டி போனைக் கேட்டார். நோட்டும் பென்சிலுமாக மேசை முன்னால் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"நான்தாம்மா. திரும்ப விண்ணப்பம் போடணும். சில விவரம் வேணும்."

நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரி?"

மெல்லிய குரலில் சொன்னாள். எழுதிக்கொண்டார். மாப்பிள்ளை எந்த வழித்தடம், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், லிஃப்ட் எவ்வளவு நாளாகக் கெட்டுக் கிடக்கிறது, எல்லாம் கேட்டு வரிசையாக எழுதினார். பிறகு பென்சில் நின்றது.

"மூணு மாடி ஏறும்போது மூச்சு வாங்குதாம்மா?"

இதை எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை.

"வாங்குதுப்பா" என்றாள். "ரொம்ப வாங்குது. நீங்க வந்து பாருங்க."

அத்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் எதிரிலேயே அழுதார்.