ஒருத்தரும் இல்லாத இடத்துக் கல்

கல் நின்ற இடத்தில் குழி மட்டுமே இருந்தது.

ஞானசவுந்தரி வாளியைக் கிணற்றடியில் எறிந்துவிட்டு ஓடினாள். நெடுந்தீவில் இந்த நேரத்தில் அவள் திட்டவேண்டிய ஆள் எங்கே நிற்பார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காலைப் படகு போன பிறகு மாவிலித் துறையில் நாலு பேரோடு நின்று வெற்றிலை போடுவார்.

நின்றார். குழந்தைவேலு, அவளுடைய பெரியப்பாவின் மகன். பக்கத்து வளவுக்காரர். மூன்று வருடமாக அவளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். ஆகையால் அவள் அவரைப் பார்க்காமல் மற்ற நாலு பேரையும் பார்த்துக் கத்தினாள்.

"எல்லைக்கல்லைப் புடுங்கின கள்ளன் இஞ்ச நிண்டு வெத்திலை சப்புறான், பாருங்கோ! நாளைக்கு அளக்க வரப்போயினம் எண்டு தெரிஞ்சு இண்டைக்குக் கல்லைக் காணேல்லை!"

குழந்தைவேலு வாயிலிருந்ததைத் துப்பினார். அவருடைய முகம் வெற்றிலைச் சாற்றைவிடச் சிவந்திருந்தது.

"ஆரைக் கள்ளன் எண்டுறா எண்டு கேளுங்கோ!" என்று அவரும் மற்றவர்களிடமே கேட்டார்.

சண்டை கல்லுக்கானதல்ல, கிணற்றுக்கானது. உவர்ப்பு நிலம் மிகுந்த அந்தப் பகுதியில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் ஊறுகிற கிணறு அது ஒன்றுதான். தனியாளான ஞானசவுந்தரியின் மிளகாய்க் கன்றுகளும் கீரைப் பாத்தியும் அந்தத் தண்ணீரில்தான் நின்றன. இரண்டு வளவுக்கும் நடுவே கடல் முருகைக்கல்லால் கட்டியிருந்த மதில் ஒரு மாரியில் சரிந்துவிட்டது. அதன்பின் எல்லை என்று சொல்ல மிஞ்சியது மூலையில் நட்டிருந்த அந்த ஒற்றைக் கல்தான். இடுப்பளவு உயரமில்லை, குடமளவுதான். ஒரு முகத்தில் அவளுடைய அப்பா தம்பிஐயாவின் மாட்டுக்குறி வெட்டியிருக்கும்: ஒரு வட்டம், ஒரு வால். மறு முகத்தில் பெரியப்பாவின் குறி: ஒரு வட்டம், இரண்டு வால். தீவில் மாட்டுக்குச் சுடுகிற குறியைப் பார்த்தால் எந்த வீட்டு மாடு என்று சின்னப்பிள்ளையும் சொல்லும்.

மதில் விழுந்தபோது கிணற்றுக்கு எட்டத்தில் நின்ற கல், வருடா வருடம் கிணற்றை நோக்கி நகர்ந்து வந்தது. இப்போது கிணற்றுக்கட்டிலிருந்து கை நீட்டினால் தொடலாம். இரவில் வந்து தள்ளுகிறார் என்று அவள் சொன்னாள். தொடவே இல்லை என்று அவர் சொன்னார். கடைசியில்தான் நில அளவையாளரைக் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கல்லே இல்லை. கல் இல்லாவிட்டால் கிணறு எந்தப் பக்கம் என்று யாரும் எதையும் சொல்லலாம்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ," என்று இடையில் புகுந்தான் மீன்பிடிப் படகுக்காரன் றொபேட். "கனடாப் பெட்டை ஒண்டு நேற்று வந்து நிண்டதெல்லோ? காலைப் படகில துவாயால சுத்தி ஒரு கல்லை ஏத்தினவை. என்னெண்டு கேட்டன். ஒல்லாந்தர் காலத்துக் கல்வெட்டாம். வட்டமும் வாலும் வெட்டிக் கிடந்தது."

"ஒல்லாந்தரோ! அது எங்கட அப்பற்ற மாட்டுக்குறி!"

நாலு பேரும் சிரித்தார்கள். குழந்தைவேலு சிரிக்கவில்லை.

"றொபேட், அவவுக்குச் சொல்லு. இந்தத் துறையில வைச்சு என்னைக் கள்ளன் எண்டு சொன்னவ. இதே துறையில, இதே ஆக்களுக்கு முன்னால இல்லை எண்டு சொல்ல வேணும். அதுக்காக எண்டாலும் நான் அந்தக் கல்லைக் கொண்டுவாறன். என்ர மோட்டச்சைக்கிள் குறிகட்டுவானில நிக்குது."

"றொபேட், அவருக்குச் சொல்லு. கல்லைத் தனிய எடுத்து வேற எங்கையும் நட விடமாட்டன். நானும் வாறன்."

றொபேட் தலையில் கைவைத்துக்கொண்டு படகை எடுத்தான்.

குறிகட்டுவானில் இறங்கியதும் இருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். அவர் முன்னால், அவள் பின்னால், நடுவே ஒரு சாண் இடைவெளி. புங்குடுதீவுத் தெருவில் குழிகளைத் தவிர எதுவும் ஒழுங்காக இல்லை. ஒவ்வொரு குழியிலும் அவள் காற்றைப் பார்த்துப் பேசினாள்.

"சில பேருக்கு எல்லையும் தெரியாது, தெருவும் தெரியாது."

"சில பேருக்கு வாய் மட்டும்தான் ஓடும்," என்றார் அவரும் காற்றிடம்.

மடத்துவெளியில் ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தி, கனடாப் பெட்டையைக் கண்டதோ என்று விசாரித்தார். தெருவின் இருபுறமும் பெரிய வீடுகள். ஒரு காலத்தில் தெற்கே கடை வைத்து உழைத்தவர்கள் கட்டியவை. பாதிக்கு மேல் பூட்டியிருந்தன. பூட்டும் துருவேறியிருந்தது.

"வெள்ளை வானில வந்த பெட்டையோ?" என்றாள் கடைக்காரப் பெண். "இப்பதான் போனது. அந்த முடக்கு வீட்டில ஏறி ஓடு ஒண்டைக் கழட்டிக்கொண்டு போகினம். 'இஞ்ச ஒருத்தரும் இல்லையோ' எண்டு என்னட்டைக் கேட்டினம், அக்கா. என்னைப் பாத்துக்கொண்டே கேட்டினம்! நான் பதில் சொல்ல முன்னம், ஒருத்தரும் இல்லை எண்டு போனுக்குள்ள கதைச்சுப் படமும் பிடிச்சிட்டினம். சாட்டிக் கடற்கரைக்குப் போகினமாம். பின்னேரம் யாழ்ப்பாணம், நாளைக்குப் பிளேனாம்."

"ஒருத்தரும் இல்லையாம்!" என்று ஞானசவுந்தரி பல்லைக் கடித்தாள். "என்ர வளவிலயும் இதைத்தான் சொல்லியிருப்பாள்!"

"கெதியா ஏறச் சொல்லுங்கோ," என்றார் குழந்தைவேலு கடைக்காரியிடம்.

கடலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும் தாம்போதியில் வண்டி பறந்தது. இருபுறமும் முழங்காலளவு தண்ணீர், அதில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள், தூரத்தில் வெள்ளையாய் மினுங்கும் தீவுகள். இதைப் பார்க்கத்தான் ஆட்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். இவர்கள் இருவரும் தெருவைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வேலணையைத் தாண்டும்போது அவளுக்கு ஒரே பயம்: வான் அல்லைப்பிட்டியைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறிவிட்டால் யாழ்ப்பாணச் சனத்துக்குள் எந்த வானென்று தேடுவது?

சாட்டியில் வெள்ளை வான் பனைநிழலில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஒரு இளம்பெண் கதவடியில் குந்தியிருந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், துவாய்க்குள்ளிருந்து ஒரு வால் தெரிந்தது.

ஞானசவுந்தரி வண்டி நிற்க முன்பே குதித்தாள்.

"எடடி கையை!"

பெண் எழும்பினாள். இளநீர் சட்டையில் சிந்தியது. சாரதிப் பக்கத்திலிருந்து வழிகாட்டிப் பெடியன் ஓடிவந்தான். பெண்ணின் பெயர் துசாரா, அவன் அனோஜன். இரண்டையும் அவன்தான் பதற்றத்தில் ஒப்புவித்தான்.

"அன்ரி, என்ன பிரச்சினை?" என்றாள் துசாரா.

"அன்ரியோ? வீட்டுக்குள்ள பூந்து களவெடுத்துப்போட்டு அன்ரியோ?"

"களவில்லை, அன்ரி. அது ஒல்லாந்தர் காலத்து எழுத்து. அந்தக் காணியில ஒருத்தரும் இல்லை. கல்லு சரிஞ்சு கிடந்தது, ஒருத்தரும் கவனிக்கேல்லை. நான் அதைப் பத்திரமா..."

"ஒருத்தரும் இல்லை எண்டு ஆரடி சொன்னது? கிணத்துக்கட்டு ஈரமாக் கிடந்ததைப் பாக்கேல்லையோ? மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி ஆர் ஊத்தினது, ஒல்லாந்தனோ? விடியக்காலமை சந்தைக்குப் போய் வாறதுக்குள்ள நான் செத்துப்போனனோ?"

துசாரா அனோஜனைப் பார்த்தாள். அனோஜன் கடலைப் பார்த்தான்.

"தம்பி, ஒல்லாந்தர் எண்டு இவளுக்குச் சொன்னது நீதானே? அது மாட்டுக்குறியடா! எங்கட மாடுகளின்ர பின்பக்கத்திலயும் ஒல்லாந்தர் வந்து எழுதிப்போட்டுப் போனவங்களோ?"

"அக்கா, வாறாக்களுக்குக் கொஞ்சம் சுவாரசியமா..." என்று இழுத்தான் அவன்.

"அந்த ஓட்டையும் இறக்கு!"

"ஓடு என்ர அம்மப்பாவின்ர வீட்டு ஓடு," என்றாள் துசாரா. அவளுடைய குரலும் இப்போது உயர்ந்திருந்தது. "மடத்துவெளி வீடு எங்கட. அதையும் விட ஏலாது!"

ஞானசவுந்தரி ஓட்டை அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"அப்ப ஓட்டை வைச்சிரு. விட்டுட்டுப் போன ஆக்கள் விட்டுட்டுப் போனதை எடுங்கோ. இருக்கிற ஆக்களின்ர கல்லில கை வையாதையுங்கோ."

"கல்லு சரிஞ்சுதான் கிடந்தது, அன்ரி. நான் பொய் சொல்லேல்லை. பாருங்கோ!" துசாரா கைபேசியை நீட்டினாள். "நேற்றுப் பின்னேரம் எடுத்த வீடியோ."

குழந்தைவேலுவும் எட்டிப் பார்த்தார். திரையில் அவர்களுடைய வளவுகள். கிணறு. கல். கல்லின்மேல் சாய்ந்து ஒரு சிவப்புப் பசு கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கழுத்து முடிந்ததும் விலா. பிறகு முழு உடம்பையும் கொடுத்து ஒரு தள்ளு. கல் கிணற்றுப் பக்கமாகச் சரிந்தது. பசு திரும்பியபோது பின்தொடை திரை முழுவதும் தெரிந்தது. ஒரு வட்டம், இரண்டு வால்.

ஞானசவுந்தரி கைபேசியைக் குழந்தைவேலுவின் பக்கம் திருப்பினாள்.

"உது ஆற்ற மாடு?" என்று கேட்டாள் ஞானசவுந்தரி. மூன்று வருடத்தில் முதல்முறையாக அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வெயிலுக்குள்ள படம் வடிவாத் தெரியேல்லை," என்றார் குழந்தைவேலு.

"தெரியேல்லையோ? சிவப்பியைத் தெரியேல்லையோ? அப்ப நீங்கள் கல்லைத் தொடவே இல்லை?"

"தள்ளேல்லை எண்டுதான் சொன்னனான்! விழுந்து கிடந்தா நிமித்தி வைப்பன். எல்லைக்கல்லு விழுந்து கிடக்கலாமோ?"

"எங்க நிமித்தி வைப்பியள்?"

"விழுந்த இடத்திலதான்! வேற எங்க நிமித்துறது?"

சிவப்பி தள்ளியிருக்கிறது. இவர் நிமிர்த்தியிருக்கிறார். சிவப்பி மறுபடியும் தள்ளியிருக்கிறது. இப்படியே மூன்று வருடமாக மாடும் மனிதரும் சேர்ந்து கல்லைக் கிணற்றடிக்கு நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதை மனத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஞானசவுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. கள்ளன் என்றால் திட்டித் தீர்க்கலாம். இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

வீடியோவை றொபேட்டின் கைபேசிக்கு அனுப்பச் சொன்னாள். துசாரா மறுபேச்சில்லாமல் அனுப்பினாள். பிறகு மெதுவாக, "சொறி, அன்ரி," என்றாள்.

"அடுத்தமுறை வந்தா படலையில நிண்டு கூப்பிடு. ஆள் இருந்தா வரும். இல்லாட்டிப் பொறுத்து நில்."

திரும்பும் பயணத்தில் கல் அவர்கள் இருவருக்கும் நடுவே, துவாய் சுற்றி இருந்தது. அவர் சரிந்து ஓட்டினால் கல் அவருடைய முதுகில் இடித்தது. சடுதியாக நிறுத்தினால் அவளுடைய வயிற்றில் இடித்தது.

மாவிலித் துறையில் ஆட்கள் காலையைவிட அதிகமாக நின்றார்கள். செய்தி படகுக்கு முன்னால் வந்திருந்தது. குழந்தைவேலு கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கி, எல்லோருக்கும் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"சொல்லச் சொல்லு, றொபேட்."

ஞானசவுந்தரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எல்லாரும் கேளுங்கோ! காலமை நான் அண்ணையைக் கள்ளன் எண்டு சொன்னனான். அது பிழை. கல்லை எடுத்தது கனடாப் பெட்டை. அண்ணை கள்ளன் இல்லை."

குழந்தைவேலு தலையை நிமிர்த்தினார்.

"கல்லைக் கிணத்தடிக்குத் தள்ளினதும் அண்ணை இல்லை," என்றாள் அவள். "தள்ளினது அவற்ற சிவப்பி. அண்ணை மாட்டுக்குக் கையாள் வேலை பாத்தவர். றொபேட்டின்ர போனில கிடக்கு, காசில்லாமப் பாக்கலாம்!"

துறை வெடித்துச் சிரித்தது. றொபேட்டைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. குழந்தைவேலு கல்லைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

பொழுது சாயும் நேரம் கிணற்றடியில் குழி தோண்டும் அலவாங்கை நிலத்தில் ஊன்றும் சத்தம் கேட்டு ஞானசவுந்தரி வெளியே வந்தாள். குழந்தைவேலு நின்றார். பக்கத்தில் சிவப்பி, இரட்டைக் கயிற்றில் கட்டப்பட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கல் நிலத்தில் கிடந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"சிவப்பி! கல்லை எங்க நடுறதெண்டு அவவிட்டைக் கேள்."

ஞானசவுந்தரி இடுப்பில் கைவைத்தாள்.

"சிவப்பி! பழைய இடத்தில எண்டு அவருக்குச் சொல்லு. தள்ளினது நீதானே, இடம் உனக்குத் தெரியும்."

குழந்தைவேலு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு கிணற்றிலிருந்து விலகி நடந்தார். நின்றார். இன்னும் தள்ளி நடந்தார். திரும்பிப் பார்த்தார்.

"இன்னும்," என்றாள் ஞானசவுந்தரி மாட்டிடம்.