தாமோதரன் தேடச் சொன்ன விமானி

கடலில் வலையில் மாட்டி வந்த இரும்பை, மீனவர் குப்புராஜ் வீட்டுப் பின்பக்கம் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். துர்கா மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். ஒரு கை நீளம் இருக்கும். சிப்பி அப்பிப் பாறைபோல ஆகியிருந்தது. ஒரு முனையில் மட்டும் சக்கரம் பொருந்துகிற அச்சு துருத்திக்கொண்டு நின்றது.

“இது ஏரோப்ளேன் காலுன்றாங்களே, நெசமாம்மா?” மீன் கழுவிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் கேட்டாள். குப்புராஜின் மனைவி.

“அப்படித்தான் தெரியுதுக்கா. ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”

“எங்க மாமனார் காலத்துலேர்ந்து அந்த எடத்துல வலை கிழிஞ்சிகினுதான் கீது. இப்பதான் ஒரு துண்டு மேல வந்துச்சு.”

துர்கா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தொலைந்துபோன ராணுவ விமானங்களைப் பற்றியும் அவற்றை ஓட்டியவர்களைப் பற்றியும் இணையத்தில் எழுதுவது பல வருடப் பழக்கம். அவளுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பதக்கத்தைப் பற்றியோ பெரியப்பாவின் சீருடைப் படத்தைப் பற்றியோ கேட்பார்கள். இரண்டு வருடம் முன்பு, எழுபதைத் தாண்டிய தாமோதரன் கேட்டது வேறு. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே சொன்னார். 1971இல் தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம் கடல் பக்கம் போய்த் திரும்பவில்லை. ஓட்டியவர் பெயர் சத்யநாராயணன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை.

“உங்களுக்கு அவர் என்ன வேணும் சார்?”

“என் வொய்ஃபோட முதல் ஹஸ்பெண்ட்.”

அவரே தொடர்ந்தார். “செல்வம்மாவோட அண்ணனும் நானும் ஒரே ஆபீஸ். நாலு வருஷம் கழிச்சு நான் கேட்டுக் கட்டிக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கோம்மா. ஆனா தலைக்கு மேல ஒரு ப்ளேன் போச்சுன்னா செல்வம் பேச்சைப் பாதியில விட்டுடுவா. சத்தம் போனப்புறம்தான் மீதி வரும். தாம்பரம் பக்கத்துல குடியிருந்துகிட்டு, எத்தனை பாதிப் பேச்சு! இன்னும் காத்துக்கிட்டு இருக்காளோ என்னமோ. தெரிஞ்சுட்டா அவளுக்கு ஒரு நிம்மதி. கிடைக்கிற வரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம்.”

அதன்பிறகுதான் துர்கா விடுமுறை நாட்களில் கடலோரக் குப்பம் குப்பமாகப் போய், கடலடியில் எங்கே வலை மாட்டுகிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

இரும்பின் படங்களை யேசுதாசனுக்கு அனுப்பினாள். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், சத்யநாராயணன் ஓட்டிய வகை விமானங்களைக் கழற்றி மாட்டியவர். சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார். “முன்சக்கரக் கால்தான்மா. சந்தேகமே இல்ல.” அந்த வகையில் இந்தக் கடலில் தொலைந்தது ஒன்றே ஒன்றுதான். வேறு சமயமாக இருந்தால் துர்கா அப்போதே உட்கார்ந்து இணையத்தில் எழுதியிருப்பாள். விமானப்படை அலுவலகத்துக்கு மட்டும் தகவல் அனுப்பிவிட்டு, மறுநாள் ஏரிக்கரைக்குப் போனாள்.

தாமோதரன் கேட்டு முடித்ததும், “அவருக்குச் சட்டுனு உயிர் போயிருக்குமா?” என்றார்.

“தெரியலை சார்.”

“கொஞ்ச நாள் போகட்டுமே. அவளுக்கு பிபி வேற.”

அவர் முகத்தில் இருந்தது பயம் என்று துர்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் காணாமல் போயிருந்த ஒருவன், செத்துப்போனவனாக இன்று அந்த வீட்டுக்குள் வரப்போகிறான். மனைவி அழுதால் இவர் எங்கே போய் நிற்பார்?

“சார், இது அவங்களோட சேதி. நாம ரெண்டு பேரும் கையில வச்சுக்கிட்டு உட்காரக் கூடாது.”

அவர் எழுந்தார். “அப்ப நீயும் வாம்மா. தனியா எனக்குச் சொல்ல வராது.”

செல்வம்மாள் கூடத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். தாமோதரன் உட்காராமலே, முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் கையில் இருந்த காயைப் போடவில்லை, அதை உரிக்கவும் இல்லை. கண் மட்டும் நிறைந்தது.

“எவ்ளோ நாளா தேடுறீங்க?”

“ரெண்டு வருஷமா.”

“எதுக்கு?”

பேச்சு பாதியில் நின்றுபோவதைப் பற்றிச் சொன்னார். செல்வம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “என் பேச்சை நிறுத்தறது நீங்கதாங்க. கல்யாணம் ஆன புதுசுல ப்ளேன் சத்தம் கேட்டா உங்க மூஞ்சி மாறிடும். அப்படியே என்னைப் பார்ப்பீங்க. இந்த மனுஷனுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்னு நானும் வாயை மூடிக்குவேன். அதுவே பழகிப்போச்சு.”

“அப்ப... நீ அவரை நினைக்கறதே இல்லையா?”

“நினைக்காம? குழம்பு கொதிக்கும்போது நினைப்பேன். பஸ்ல போகும்போது நினைப்பேன். அதுக்கு ப்ளேன் வரணுமா?”

தாமோதரன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துர்கா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அந்த இரும்பை நான் பார்க்கணும்.”

விமானப்படை ஆட்கள் வந்து எடுத்துப்போவதற்கு முந்தின நாள் மூவரும் குப்பத்துக்குப் போனார்கள். விஷயம் தெரிந்து குப்புராஜ் அதைக் கழுவி, வாசலில் பாய் விரித்து அதன்மேல் வைத்திருந்தார். அஞ்சம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். செல்வம்மாள் அதில் உட்காரவில்லை. மணலில் மெல்லக் கால் மடக்கி உட்கார்ந்து, இரும்பின்மேல் கை வைத்தார்.

“அந்த எடத்துல மீன் கிடைக்குமாப்பா?”

“நல்லா கெடைக்கும்மா. அடியில எதுனா கெடந்தா மீனுங்க அங்கியே தங்கிக்கும். குஞ்சு பொரிக்கும்” என்றார் குப்புராஜ்.

சிப்பிகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. பழைய பெயின்டாக இருக்கலாம். செல்வம்மாள் குனிந்து பார்த்தார், கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். பின்னால் நின்ற தாமோதரன் தன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து நீட்டினார். செல்வம்மாள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். தாமோதரன் வெறுங்கண்ணோடு கடல் பக்கம் திரும்பி நின்றார். படகும் அலையும் வானமும் அவருக்கு ஒரே கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, மனைவியின் தோள் எங்கே இருக்கிறது என்று துழாவிக்கொண்டிருந்தார்.