பார்க்காத மாடி வீடு

ஒன்பதாம் அத்தியாயத்தில் நாவல் படுத்துக்கொண்டது. கதாநாயகி மாடிப்படி ஏறிவிட்டாள், கதவும் திறந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுகிற ஒடெஸாவுக்கே தெரியவில்லை.

தெரிந்திருக்க நியாயமில்லை. அமெரிக்காவின் டொலீடோ நகரில் இருபத்திரண்டு வருஷம் அவள் பார்த்த வேலை அப்படி. நிறம் பார்த்து வாடகைக்கு வீடு மறுப்பவர்களைக் கண்டுபிடிக்கும் அமைப்பு ஒன்றில் வேலை. ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்கும் வீட்டுக்குக் கறுப்பினப் பெண்ணான அவள் முதலில் போய்க் கேட்பாள். ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைக்காரியான பாட்சி போய் அதே வீட்டைக் கேட்பாள். ஒடெஸாவுக்கு இல்லை, பாட்சிக்கு உண்டு என்றால் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். கண்டதையும் கேட்டதையும் மட்டும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருத்தியிடம் ஒருத்தி மூச்சு விடக்கூடாது. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை. வாராவாரம் சந்தித்து ஊர்வம்பெல்லாம் பேசுவார்கள், வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

போன எத்தனையோ வீடுகளில் மேப்பிள் தெரு மாடி வீடு மட்டும் வேறு. வேலைக்காகப் போனவள் நிஜமாகவே ஆசைப்பட்டுவிட்டாள். கிழக்குப் பார்த்து மூன்று ஜன்னல்கள்! “நேத்தே போயிடுச்சும்மா,” என்று வீட்டுக்காரர் சிரித்த முகமாக வாசலிலேயே அனுப்பிவிட்டார். ஆசையை எழுத அறிக்கையில் இடமில்லை. அதற்காகத்தான் நாவலே எழுத உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பாட்சி பீச் பழக் கேக்கோடு வந்தபோது ஒடெஸா கேட்டே விட்டாள்.

“ஏன்டி, அந்த மேப்பிள் தெரு வீட்டுக்குள்ள என்ன இருந்துச்சு?”

பாட்சி குரலைத் தாழ்த்தினாள். “சொல்லலாமா? வேலையை விட்டுத் தூக்கிட மாட்டாங்களே?”

“ரிடையர் ஆனவளை எங்கேருந்து தூக்குவாங்க? சொல்லுடி.”

“குளிக்கிற தொட்டி பூரா பாசி. கூரை ஒழுகுதுன்னு மூணு வாளி வச்சிருந்தான். அடுப்படியில செத்த எலி நாத்தம். ‘உங்களுக்குன்னா இப்பவே சாவி தர்றேன்’னு வேற குழையறான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தேன்.”

ஒடெஸாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக அந்த வீட்டில் மனசுக்குள் திரைச்சீலை மாட்டிக் குடித்தனமே நடத்தியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி, பாட்சியின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

“இந்தக் குப்பைக்கா இத்தனை வருஷம் ஏங்கினே? நல்லவேளை, தப்பிச்சே போ,” என்றாள் பாட்சி.

ஒடெஸாவின் சிரிப்பு நின்றது. “தப்பிக்கலடி. அந்த எலி நாத்தத்தை மோந்து பாத்துட்டு, ‘சீ, வேணாம் போ’ன்னு நான்ல சொல்லியிருக்கணும்? வேணாம்னு சொல்ற உரிமையையும் அவன் உனக்குத்தானே குடுத்தான்.”

பாட்சிக்கு முகம் விழுந்துவிட்டது. “ஆமாடி,” என்றவள், கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவள் தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலை அத்தியாயம் ஒரே மூச்சில் ஓடியது. கதாநாயகி மூன்று வாளிகளையும் சுற்றி நடந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, வீட்டுக்காரரைக் கால் கடுக்க நிற்க வைத்தாள். பிறகு, “வீடு எனக்குப் பிடிக்கல,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த வரியை ஒடெஸா இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். மனசு நிறைந்துவிட்டது.